பில்லில் இல்லாத ஒரு வரி



திருவனந்தபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள முதியோர் இல்லங்களில் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்துவிட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கடிதம். கரமனையில், வலியசாலையில், கோட்டைக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பல உங்கள் வீடுகள்தான். சேர்த்தது சரியா தவறா என்ற விசாரணைக்குள் நான் போகப்போவதில்லை. எழுந்து நடக்க முடியாத ஒருவரை, கழிப்பறை கொல்லைக்கோடியில் இருக்கிற பழைய வீட்டில் தனியாக விட்டுவைப்பதற்கு ஒரு நல்ல இல்லம் எவ்வளவோ மேல். சேர்த்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நான் டாக்டரில்லை, நர்ஸும் இல்லை. ஏஜீஸ் ஆபீஸில் மற்றவர்கள் எழுதிய கணக்கைச் சரிபார்த்தே தலை நரைத்தவன். ஓய்வு பெற்றபின், படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழு ஒன்றோடு சேர்ந்து போய்வருகிறேன். நர்ஸம்மா வேலை செய்வார். நான் வாளி தூக்குவேன், திரை பிடிப்பேன், நோட்டில் எழுதுவேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்தவர்களைப் பார்க்க இல்லங்களுக்கும் போவதுண்டு. போகிற இடத்தில் கணக்குக்காரன் கண் சும்மா இருக்காது.

உங்களுக்கு மாதாமாதம் வாட்ஸ்அப்பில் வருகிற பில்லை ஒருதடவை நிதானமாகப் பாருங்கள். அறை வாடகை, சாப்பாடு, மருந்து, டாக்டர் விசிட், லாண்டரி, டயப்பர் என்று வரிசையாக இருக்கும். தன் கையால் கால் கழுவிக்கொள்ள முடியாத ஒரு மனிதரைக் காலையில் எழுப்பி, பல் தேய்த்துவிட்டு, கழிப்பறைக்குக் கொண்டுபோய், கழுவி, குளிப்பாட்டி, துவட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைக்கிறாரே ஒரு பெண், அவர் எந்த வரியில் வருகிறார்? சில பில்களில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் தோட்டக்காரரும் வாட்ச்மேனும் ஜெனரேட்டர் டீசலும் ஒன்றாகக் கிடப்பார்கள். அந்தப் பெண்ணுக்கென்று தனி வரி கிடையாது. வரி இல்லாததைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதும் கிடையாது. சாப்பிட்டார்களா என்று கேட்கிறீர்கள், மருந்து போட்டார்களா, பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இன்றைக்குக் குளித்தார்களா, யார் குளிப்பாட்டினார்கள் என்று நீங்கள் போனில் கேட்டு நான் காதால் கேட்டதில்லை.

சட்டமும் கேட்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பு என்றால் எது எது என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்கிறது: உணவு, உடை, உறைவிடம், மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும். குளிப்பாட்டுவதை இந்த நான்கில் எதற்குள் அடக்குவது? கெட்டிக்கார வக்கீல் யாராவது மருத்துவக் கவனிப்புக்குள் நுழைத்துக் காட்டலாம். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி மூத்தவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றாம் தேதி தவறாமல் பணம் அனுப்புகிற நீங்கள் யாரையும் கைவிடவில்லை. ஆனால் நனைந்த துணியில் ஆறு மணி நேரம் கிடக்கிறவர் அந்த ஆறு மணி நேரமும் யார் பொறுப்பில் கிடக்கிறார் என்று சட்டப் புத்தகத்தில் தேடினால் விடை கிடைக்காது. மூத்த குடிமக்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்க நாட்டிலேயே முதல்முறையாகக் கேரளம் 2025இல் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த ஆணையமாவது கட்டடத்தின் நீள அகலத்தை அளப்பதோடு நிற்காமல் குளியலறைக் கதவையும் திறந்து பார்க்கட்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12.6, நாட்டின் சராசரி 8.6. 2021க்கான அரசுக் கணிப்பில் கேரளம் 16.5க்கு ஏறிவிட்டது. அடுத்த இடம் யாருக்கு என்கிறீர்கள்? தமிழ்நாட்டுக்கு, 13.6. ஆகவே நாகர்கோவிலிலும் மதுரையிலும் இருப்பவர்கள் இதை அண்டை வீட்டுச் சங்கதி என்று புரட்டிவிட்டுப் போக வேண்டாம்.

வீடியோ காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கால் வருகிற நேரம் இல்லத்துக்குத் தெரியும். அதற்குக் கால்மணி முன்னால் முகம் துடைத்து, தலை வாரி, பவுடர் போட்டு, விபூதி இட்டு, துவைத்த மேல்துணி ஒன்றைப் போர்த்தி உட்கார வைப்பார்கள். அதில் வஞ்சனை எதுவும் இல்லை. வீட்டில் நாமும் விருந்தாளி வந்தால் அதைத்தான் செய்வோம். ஆனால் அந்தத் திரை நெஞ்சுக்கு மேலேதான் காட்டும். படுக்கையிலும் நாற்காலியிலும் காலம் தள்ளுகிறவருக்குக் கேடு வருகிற இடமெல்லாம் அதற்குக் கீழே இருக்கிறது: முதுகின் அடி, இடுப்பெலும்பு, குதிகால், மார்பின் அடிமடிப்பு, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு. இதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே இறக்கிக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்ட பிள்ளைகளும் உண்டு. பெற்ற தாயின் உடம்பாக இருந்தாலும் அவர் சம்மதமில்லாமல் கேமரா முன் வைக்க யாருக்கும் உரிமையில்லை. நேரில் வரும்போது, அவரிடமே கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள்.

பார்த்தால் எதைப் பார்ப்பது? நர்ஸிங் புத்தகங்கள் சிவப்பைத் தேடச் சொல்லும். எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய இலக்கணம் அது. நம் கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். தொட்டுப் பார்க்க வேண்டும்: அந்த இடம் மட்டும் சுடுகிறதா, கட்டித் தட்டிப்போயிருக்கிறதா, அல்லது வழக்கத்துக்கு மாறாகக் கொழகொழவென்று இருக்கிறதா, நிறம் சுற்றுப்புறத்தைவிட அடர்ந்திருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா. எங்கள் நர்ஸம்மா கையுறை போடுவதற்கு முன் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

பழைய ஆஸ்பத்திரி வழக்கம் ஒன்று இன்னும் பல இல்லங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: ஸ்பிரிட் தொட்டு முதுகை அழுத்தித் தேய்த்து, அதன்மேல் பவுடரை அள்ளிக் கொட்டுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், வாசனையாகவும் இருக்கும். ஸ்பிரிட் வயதான தோலின் மிச்சசொச்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. மடிப்பில் போட்ட பவுடர் வேர்வையில் ஊறிக் கட்டியாகி உரசுகிறது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் உள்ளே நைந்திருக்கும் சதை இன்னும் நைந்துபோகிறது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் தம் சகாக்களோடு 1962இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். எதைத் தடவினார்கள் என்பதைவிட, எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தார்கள் என்பதுதான் புண் வராமல் காத்தது என்று கண்டார். அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஸ்பிரிட் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. காரணம் எளிது. தடவுவதற்கு ஒரு நிமிஷமும் ஒரு கையும் போதும். இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட இரவிலும் இரண்டு பேர் வேண்டும். ஆல்பா பெட் வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்பீர்கள். நல்ல காரியம்தான். அந்தக் காற்றுப் படுக்கை அழுத்தத்தைக் குறைக்கும். நனைந்த துணியை அது மாற்றாது.

குளிக்கிற தண்ணீரில் டெட்டால் விட வேண்டும் என்று உங்களில் சிலர் கட்டளையிட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காய்ந்த தோலுக்கு அது எரிச்சல். சோப்பையும் தினமும் உடம்பு முழுக்கப் போட வேண்டியதில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம், இவற்றுக்குப் போட்டால் போதும். குளித்து ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காயெண்ணெயை மெல்லப் பூசலாம். பாட்டிமார் வைத்தியம் என்று சிரிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பிலிப்பைன்ஸில் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெயையும் கடையில் விற்கும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் சமமாக வேலை செய்ததாகச் சொன்னது. ஆனால் மடிப்புகளில் எண்ணெய் வேண்டாம். அங்கே வேண்டியது ஒற்றியெடுத்த உலர்ச்சி. எடவப்பாதி மழை பிடித்துவிட்டால் இந்த ஊரில் சுவரே வேர்க்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் பிசுபிசுப்பு விடாது. அந்த அரை ஈரத் துணியை உடுத்தி விட்டால் அடுத்த வாரம் தொடையிடுக்கில் படை வந்துவிடும். ஜூன், ஜூலையில் போன் செய்யும்போது துணி காய வைக்க இல்லத்தில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பிரஷர், சுகர் விசாரிப்பதற்கு இது குறைந்த கேள்வி இல்லை.

சுகர் என்றதும் கால். ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு. உங்கள் அப்பா அதில் ஒருவராக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அப்படியானால் அவருக்குப் பாதத்தில் சுரணை குறைந்திருக்கலாம். வெந்நீர் பொத்துப்போகிற சூட்டில் இருந்தாலும் தெரியாமல் போகும். குளிப்பாட்டுகிறவர் தன் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே அவர் காலில் ஊற்ற வேண்டும். விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். குளித்து முடித்ததும் நகத்தை நேராக வெட்ட வேண்டும்.

கூச்சத்தோடு கூச்சமாக இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பத்திரிகையில் இதை யாரும் எழுதுவதில்லை. பெண்களைக் கழுவிவிடும்போது முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் மலத்தின் கிருமி மூத்திரப் பாதைக்குப் போகும். ஆண்களுக்கு முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக் கழுவிவிட்டு, மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் வீங்கி இறுக்கிக்கொண்டு நடுராத்திரி மெடிக்கல் காலேஜுக்கு ஓடும்படி ஆகும். இதைச் சொல்லித்தர வாய் கூசுகிற நிர்வாகி இருக்கும் இல்லத்தில், வேலைக்குச் சேர்ந்த பெண் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்? அவரை எல்லாரும் ஹோம் நர்ஸ் என்கிறார்கள். நர்ஸிங் படிப்பு அவர் படித்ததில்லை. ஏஜென்சி ஒன்று ஒருசில நாள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கும், அதுவும் நடந்திருந்தால்.

இப்போது டயப்பர் கணக்கு. பில்லில் மாதம் 60 என்று இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு. அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இரவும் பகலும் அதிலேயே இருக்கிற ஒருவருக்கு இது போதவே போதாது. நனைந்தால் மாற்ற வேண்டும், மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். மாறாக, பகலில் நேரம் பார்த்துக் கமோடு நாற்காலியில் உட்கார வைத்து, ராத்திரிக்கு மட்டும் ஒன்று கட்டுகிற இல்லமாக இருந்தால் மாதம் 30 என்றுதான் வரும். அது பாராட்ட வேண்டிய பில். சரி, 150 என்று வந்தால்? தாராளமாக மாற்றுகிறார்கள் என்று உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். கைத்தாங்கலாக நடந்து கழிப்பறைக்குப் போகக்கூடியவருக்கு, கூட்டிப்போக ஆளில்லாமல் கட்டிவிட்டார்களா என்று கேளுங்கள். நடக்கிறவருக்கு டயப்பர் கட்டினால் கொஞ்ச நாளில் நடை போகும், அப்புறம் அடக்கும் பழக்கமும் போகும். டியூப் போட்டுவிடுங்கள், தொந்தரவு இல்லை என்று குடும்பமே கேட்பதும் நடக்கிறது. மூத்திர டியூப் நாள்பட்டால் கிருமிக்குப் போட்டுக் கொடுத்த பாதை. டாக்டர் வேறு காரணம் சொல்லாதவரை கேட்காதீர்கள்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு நல்ல பெயருள்ள இல்லத்தில், எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து போன மாமி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார், தண்ணீர் டம்ளர் தொடாமல் இருந்தது. பிடிக்கவில்லையா என்று விசாரித்தபோது, நாலு மணிக்கு மேல் எதுவும் குடிப்பதில்லை என்றார். குடித்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டும், அந்தக் குட்டியை எத்தனை தடவை எழுப்புவது, அவளுக்கும் தூக்கம் வேண்டாமா என்று என்னிடமே நியாயம் கேட்டார். அந்த மாடி முழுவதற்கும் ராத்திரியில் அந்த ஒரு பெண்தான். அடுத்த மாதம் மாமிக்கு மூத்திரத்தில் தொற்று, காய்ச்சல், பேச்சில் பிதற்றல். பிள்ளைக்குப் போன தகவலில் தொற்று என்று இருந்தது. டாக்டர் பில் வந்தது. காரணம் எந்த வரியிலும் வரவில்லை.

வாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கடிதம்தான். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்களே பல் தேய்த்துவிட்டு, வாயைச் சுத்தம் செய்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை பல் மருத்துவத்துறையினரும் வந்து பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கம் போல. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம் போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா; வாய் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 11 பேருக்கு. 2002இல் யோனெயாமா குழுவினர் வெளியிட்ட முடிவு இது. வாயில் தேங்கிய அழுக்கும் கிருமியும் விழுங்கும்போது புரையேறி நுரையீரலுக்குப் போகின்றன, அவ்வளவுதான் சூட்சுமம். பல்லே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பல்செட்டை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும். அடுத்த முறை வரும்போது அம்மாவின் டூத்பிரஷ்ஷை எடுத்துப் பாருங்கள். போன தடவை நீங்கள் வாங்கிக் கொடுத்த பிரஷ் நார் மடங்காமல் புத்தம் புதிதாக இருந்தால் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும். சோப்புக் கட்டியும் எண்ணெய்ப் பாட்டிலும் அப்படித்தான். ஓணத்துக்கு வாங்கிய பாட்டில் சிவராத்திரிக்கும் பாதி இருக்கக்கூடாது. ஆடிட்டுக்குப் போகிறவன் முதலில் ஸ்டாக்கைப் பார்ப்பான், பிறகுதான் ரிஜிஸ்டரைத் திறப்பான்.

குளிக்க மறுக்கிறார்கள், அடிக்கிறார்கள், கடிக்கிறார்கள் என்று மறதி நோய் வந்தவர்களைப் பற்றிப் புகார் வரும். அவர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். யாரென்று தெரியாத ஒருத்தி வந்து, விளங்காத மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு, துணியை உருவி, குளிர்ந்த தளத்தில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினால் யார்தான் அடிக்கமாட்டார்கள்? அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்லோனும் குழுவினரும் 15 நர்ஸிங் ஹோம்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வழிகளைச் சோதித்தார்கள். ஒன்று, அவரவர் பழக்கத்தையும் விருப்பத்தையும் அனுசரித்துக் குளிப்பாட்டுவது. இன்னொன்று, படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத்துண்டால் உடம்பை மூடி, மூடியபடியே பகுதி பகுதியாகத் துடைத்தெடுப்பது. இரண்டிலும் அடிதடி பாதிக்கு மேல் குறைந்தது. அழுக்கும் போயிற்று. தினமும் தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது பெரும்பாலும் நாம்தான். கரமனை ஆற்றில் இரண்டு வேளை முங்கிக் குளித்தவர் ஆயிற்றே என்று நினைக்கிறோம். ஆமாம், அவர் குளித்தார், தானாக இறங்கித் தானாக ஏறினார். இப்போது நடப்பது வேறு.

மொழி என்றேன். ஞாபகம் கழலக் கழல, பிற்பாடு கற்ற மலையாளம் பலருக்கு முதலில் போகிறது. அம்மாவுக்கு மிஞ்சுவது வீட்டுத் தமிழ். பணிப்பெண்ணோ இடுக்கியிலிருந்தோ வடக்கே எங்கிருந்தோ வந்தவராக இருப்பார். பாறசாலைக்கு அப்பால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரானால் அம்மாவுக்கு அதிர்ஷ்டம். ஆகவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அம்மா எத்தனை மணிக்குக் குளிப்பார், தலைக்கு என்றைக்கு, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, முதலில் காலில் ஊற்ற வேண்டுமா, எந்தத் தோள் வலி, ஈரத்தோடு பேசினால் பிடிக்காதா, என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவசியமான சில தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் எழுதி, பணிப்பெண்ணின் எழுத்து வேறென்றால் அந்த எழுத்தில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். அறைக்கு ஏசி வேண்டுமா என்று இல்லத்தில் கேட்பார்கள். இதை அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சொல்லக் கசப்பானது. மடி, ஆசாரம் என்று வாழ்ந்த வீட்டுப் பாட்டிமார் இன்னொருவர் கையால் குளிக்க நேர்ந்திருக்கிறது. சேர்க்கிற அன்றைக்கே நிர்வாகியைத் தனியாக அழைத்து, தொடுகிறவர்கள் நம்மவர்கள்தானா என்று விசாரித்த பிள்ளைகள் உண்டு. நான் பார்த்தவரையில் பாட்டிமார் ஒரு மாதத்தில் அதைக் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் கடக்க முடியவில்லை. பெண்ணைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று கேளுங்கள். அப்பாவுக்கு ஆண் பணியாளர் வேண்டுமா என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். வயசுப் பெண் வந்து வேட்டியை அவிழ்க்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள், இருவர் அறையில் நடுவே திரை, துடைக்கும்போது உடம்பில் ஒரு போர்வை, இதையெல்லாம் அதட்டியே கேளுங்கள். சாதியைக் கேட்காதீர்கள். நம் வீட்டார் யாரும் சம்பளத்துக்குச் செய்ய வராத வேலையைச் செய்ய வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது?

தைக்காட்டில், வெளிநாட்டுவாழ் கேரளத்தாருக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸின் அலுவலகம் இருக்கிறது. ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையோடு அது 2021 டிசம்பரில் ‘டிரிப்பிள் வின்’ ஒப்பந்தம் போட்டது, அதன் வழியாகக் கேரள நர்ஸ்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். இந்தக் கடிதம் படிப்பவர்களிலும் வெளிநாட்டில் பிறர் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் பாலபாடம். ஜெர்மனியில் 1995இலிருந்து நீண்டகாலப் பராமரிப்புக்குக் காப்பீடு உண்டு. முதலில் நிமிஷக் கணக்கு வைத்திருந்தார்கள்: ஒருவருக்கு உடம்பு முழுதும் கழுவிவிட 20 முதல் 25 நிமிஷம். மனிதரை நிமிஷமாக நறுக்குகிறார்கள் என்று ஏச்சு வாங்கி, 2017இல் அதைக் கைவிட்டு, எவ்வளவு தானாகச் செய்துகொள்ள முடிகிறது என்று பார்த்து ஐந்து படிகள் வைத்தார்கள். ஏச்சு நியாயமானதுதான். ஆனாலும் என் மாதிரி ஆளுக்கு அந்த நிமிஷக் கணக்கு கண்ணைத் திறந்துவிடுகிறது. ஒரு பெண் பொறுப்பில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 நிமிஷம் என்றால் குளியலுக்கு மட்டும் 200 நிமிஷம், மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். எட்டு மணிக்கு இட்லி கொடுத்தாக வேண்டும். அதனால்தான் விடிவதற்கு வெகுமுன்பே உங்கள் அம்மாவை எழுப்பிக் குளிப்பாட்டி, ஈரத்தலையோடு உட்கார வைக்கிறார்கள். பணிப்பெண் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், அவர் கையில் உள்ள கணக்கு அப்படி. ஜப்பானில் 2000இல் வந்த பராமரிப்புக் காப்பீட்டின்கீழ் குளியல்தொட்டியையே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நர்ஸ் உட்பட மூன்று பேராகக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு குளியலுக்கு மூன்று பேர்! நம் இல்லங்களில் அதைக் கேட்கச் சொல்லவில்லை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை மாடிக்கு எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள். பதில் தடுமாறினால், பகலில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த இல்லம் வேண்டாம்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறீர்கள். வாடகை குறையாது, அரிசி விலை குறையாது, மருந்து குறையாது. குறைப்பதற்கு மிச்சமிருப்பது ஆள் ஒன்றுதான். நான்கு பேர் பார்த்த மாடியை மூன்று பேர் பார்ப்பார்கள், உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பேரம் பேசுவதானால் வேறுமாதிரி பேசுங்கள்: ஆயிரம் கூடத் தருகிறேன், ராத்திரிக்கு ஓர் ஆள் சேர்ப்பீர்களா, சேர்த்ததை எழுத்தில் தருவீர்களா என்று. நாலைந்து குடும்பம் சேர்ந்து கேட்டால் எந்த நிர்வாகியும் உட்கார்ந்து பேசுவார். அந்தப் பெண்களின் முதுகும் கணக்கில் சேர்த்தி. எழுபது கிலோ அப்பாவை ஒற்றையாளாகத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவர்கள் பலர். நகர்த்த ஒரு வழுக்குத் துணி, சக்கரம் வைத்த குளியல் நாற்காலி, சுவரில் பிடிகம்பி, இவற்றுக்குச் செலவு செய்தால் அப்பாவும் விழமாட்டார், அந்தப் பெண்ணும் வேலையை விட்டுப் போகமாட்டார்.

எப்போது வருவது என்றால், ஊரெல்லாம் வருகிற நாளில் வராதீர்கள், இல்லத்தில் ஆள் குறைகிற நாளில் வாருங்கள். ஓண வாரத்தில் பணிப்பெண்களில் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். அந்த வாரம் குளியல் துடைப்பாகிவிடும், துடைப்பு முகம் கழுவலாகிவிடும். ஆற்றுக்கால் பொங்கலன்று நகரத்துப் பெண்கள் முழுக்க அடுப்பு மூட்டித் தெருவில் உட்கார்ந்திருப்பார்கள், பஸ் வழக்கம்போல் ஓடாது. இல்லத்துப் பெண்களுக்கும் பொங்கலிட ஆசை இருக்காதா? அந்த நாட்களில் வந்து இரண்டு நாள் கூட இருங்கள். ஒருவரை விடுவித்து அனுப்பிவிட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் நீங்கள் ஊற்றுங்கள். மகன்கள் அம்மாவைக் குளிப்பாட்டலாமா என்று கேட்பவர்கள் அம்மாவையே கேட்டுக்கொள்ளவும். அவருக்குச் சம்மதமில்லை என்றால் கால் நகம் வெட்டிவிடலாம், துணி மடிக்கலாம், பல்செட் கழுவலாம்.

உங்கள் பெற்றோருக்காவது போன் வருகிறது. புலயனார்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பலருக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. கேரளம் 2008இல் நாட்டிலேயே முதலாவதாகப் பாலியேட்டிவ் கொள்கை வகுத்தது. இன்று உள்ளாட்சிகள்தோறும் நர்ஸ்கள் படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போகிறார்கள். டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய, இந்த நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாலியம் இந்தியா, வலி போக்குவதோடு படுத்திருப்பவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பயிற்சியும் கொடுக்கிறது. உங்கள் இல்லத்துப் பணியாளர்களை இப்படியொரு பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி, அந்தச் செலவில் உங்கள் பங்கைக் கொடுங்கள். பயிற்சி பெற்றவர் உங்கள் அம்மாவை விட்டு வேறு இல்லத்துக்குப் போய்விட்டாலும் அங்கே யாருக்கோ ஆகும்.

அடுத்த போனில் நிர்வாகியிடம் பேசியபின், அம்மாவைக் குளிப்பாட்டுகிறவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பெயர் என்னவென்று கேளுங்கள்.

அன்புடன்,
கரமனையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கணக்கர்

பி.கு.: வரும்போது வெளிநாட்டிலிருந்து தடித்தடியான டர்க்கி டவல் கொண்டுவராதீர்கள். முரடாக உரசும், மழைக்காலத்தில் காயவே காயாது. சாலைக் கடைத்தெருவில் மெல்லிய பருத்தித் தோர்த்து கிடைக்கும். ஒரு டஜன் வாங்கி, முகத்துக்கு ஒரு கரை நிறம், கீழுடம்புக்கு வேறு கரை நிறம் என்று பிரித்துக் கொடுங்கள். அடிக்கடி துவைத்தால் சீக்கிரம் நைந்துபோகும். ஆறு மாதத்துக்கொரு தரம் புதிது வாங்க வேண்டியிருக்கும்.